ஆறாவது விதியும் என் கையெழுத்தும்

போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய் வந்தேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். அங்கே மில்லில் ஃபிட்டராக இருபது வருஷமாகத் தினமும் போய் வருகிறவன்தான். இந்த ஒரு தடவை போனதை மட்டும் மறக்க முடியவில்லை. பிள்ளைகளை ஹேக்கத்தான் என்கிற கருவி செய்யும் போட்டிக்குக் கூட்டிப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மகள் யாழினியும் அவள் தோழி ஜெனிபரும் பிளஸ் டூ. வேளாண்மை, குடிநீர், ஜவுளி என்று மூன்று பிரிவு. இவர்கள் ஜவுளி. மெஷினில் நூல் அறுந்தால் சத்தம் போடும் கருவி. ஜெயித்தால் கோயம்புத்தூரில் மாநிலச் சுற்று. இரண்டு மாசமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆறாவது விதி: பாகங்களைத் தனித்தனியாகக் கொண்டுவந்து போட்டி நடக்கிற இடத்தில்தான் ஒன்றாகப் பொருத்திப் பூட்ட வேண்டும்.

விதிகளை நான் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் கருவியை வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். எல்லாம் கழன்று கிடந்தது. கை சும்மா இருக்குமா? அத்தனையையும் பூட்டி, மில்லில் வேலை முடித்த மெஷினில் ஒட்டுவதுபோல 'சரிபார்த்தது' என்று சீட்டு ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு, யாரிடமும் சொல்லாமல் பெட்டியை மூடிவைத்தேன். எம்புட்டுப் பெருமை எனக்கு!

காலை 7.40 பஸ், முப்பத்தைந்து நிமிஷம். ஸ்டாண்டிலிருந்து போட்டி நடக்கிற கல்லூரிக்கு ஆட்டோ. "எம்புட்டுப்பா?" என்றேன். "நூத்தி இருவது அண்ணாச்சி, மலையடிவாரம்லா" என்றார். பேரம் பேசவில்லை.

வாசல் மேசையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். நடுவர் சீட்டைப் படித்தார்.

"நேத்துத் தேதி போட்டிருக்கு. யாரு கையெழுத்தும்மா இது?"

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னோடது சார்."

மூன்றடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மானம்கெட்ட வாய்! பட்டியலில் அவர்கள் பெயரை அடித்துவிட்டார்கள்.

"ஏட்டி, ரெண்டு மாசம் ஒன்கூட நாயா அலைஞ்சேனேட்டி" என்று அழுதாள் ஜெனிபர். எங்களோடு வராமல் வேறு பஸ்ஸில் போய்விட்டாள்.

பஸ்ஸில் யாழினியிடம், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"அவ்வளவு பேர் முன்னாடி உங்கள ஏசுவாங்கப்பா."

போகிறவர்களுக்கு: பதிவு ஒன்பது மணிக்கு, எட்டரைக்கே போய்விடுங்கள். கல்லூரி கேன்டீனில் சாப்பாடு அறுபது ரூபாயாம், நாங்கள் சாப்பிடவில்லை. விதிகளை முதலில் நீங்கள் படியுங்கள். அவர்கள் பெட்டியைத் தொடாதீர்கள்.

ஜெனிபர் இன்னும் இவளோடு பேசுவதில்லை. அவள் வீடு எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு வாரமாக அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன், கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. அவள் இந்த வலைப்பதிவைப் படிப்பாள் என்று யாழினி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஜெனிபர், அந்தச் சீட்டை ஒட்டினது நான்தாம்மா.