பெரியப்பா கொடுத்த வாக்கும் பாய் வீட்டு விளக்கும்

நித்யா, பாலு, உங்கள் பெரியப்பா நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓர் ஆண்டு முடிகிறது. உறவினர்களும் நண்பர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள் என்றாலும், உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா பிறந்தது மந்தைவெளியில், இப்போது நாம் இருக்கும் இதே தெருவில். தாத்தா காலமானபோது நான் கைக்குழந்தை. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பெரியப்பா குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தார். ரயில்வே வேலைக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதினார், கிடைக்கவில்லை. மார்க்கெட் பக்கம் ஃபேனுக்குக் காயில் கட்டும் கடை போட்டார். அந்தக் கடை வருமானத்தில்தான் உங்கள் இரண்டு அத்தைகளுக்கும் கல்யாணம் நடந்தது. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. உங்களைக் காட்டி யாராவது "தம்பி பசங்களா?" என்று கேட்டால், "எம் பசங்க" என்றுதான் சொல்லுவார்.

செங்கல்பட்டைத் தாண்டி, கரி இஞ்சின் ஓடிய காலத்து ஸ்டேஷன் ஒன்று பாழாகிக் கிடந்தது. அதைப் பழையபடி எடுத்துக் கட்ட அடையாறில் ஒரு குழு சேர்ந்தது. சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் மின்சார ரயிலில் போய் வேலிக்காத்தானை வெட்டுவார்கள், சுண்ணாம்பு குழைப்பார்கள், கதவில் அப்பியிருந்த பெயிண்டைச் சுரண்டித் தேக்கை வெளியே கொண்டுவருவார்கள். பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஸ்டேஷன் முழுவதற்கும் ஒயரிங் அவர்தான். "பரீட்சை வெக்காமயே எடுத்துக்கினாங்கடா" என்று சிரிப்பார்.

கட்டடம் எழுந்துவிட்டது, உள்ளே வைக்க அந்தக் காலத்துச் சாமான் ஒன்றும் இல்லை. அப்போதுதான் மெத்தைக்கடை பாயிடம் போனார். பாயை உங்களுக்குத் தெரியும், பெரியப்பாவின் பால்ய சிநேகிதர். பாயின் வாப்பா அதே ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்தவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் பெரியப்பாவுக்கு ரயில் பைத்தியமே பிடித்தது. வாப்பாவின் கை விளக்கு, ஒரு பக்கம் சிவப்புக் கண்ணாடி, ஒரு பக்கம் பச்சை, கடையில் பாயின் தலைக்கு மேலே எப்போதும் இருக்கும்.

"எங்க வாப்பா வெளக்க நீ தூக்கிகினு பூட்டா, நான் இன்னாத்த பாத்துகினு குந்திகினு இருக்கறது?" என்றார் பாய்.

"ஸ்டேஷன்ல வெச்சா ஊரே பாக்கும் பாய். உனக்கு எப்ப வோணுமோ கேளு, என் கையால கொண்டாந்து குடுக்கறேன்."

"ஃபேனு ரிப்பேருக்குக் குடுத்தாலே மாசக்கணக்குல இஸ்துகினு கீறே. நீ எங்க குடுக்கப்போற!"

இப்படிக் கிண்டல் செய்துகொண்டேதான் பாய் விளக்கைத் துடைத்துக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு ஒரு நாள் மட்டும் கரி இஞ்சின் வந்தது. விளக்கை ஆட்டி வண்டியை அனுப்பியது பாய்தான். பக்கத்தில் நின்று பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அடுத்த வருடம் பாய் தன் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்காகப் பாலவாக்கத்தில் ஒரு ஓட்டலுக்குப் போனார். மறுநாள் கடை திறக்கும் முன்பே பெரியப்பாவிடம் வந்து நின்றார்.

"வெளக்கு அங்க கைகழுவற எடத்துல தொங்குது நைனா. உள்ள கலர் பல்பு போட்டு வெச்சுகிறான். நீயா குடுத்தே?"

பெரியப்பா உடனே போனை எடுத்தார். பாயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் குழுவின் தலைவரைக் கூப்பிட்டார். தலைவரை அண்ணனைப் போல மதித்தவர் பெரியப்பா.

"ஓட்டல்காரர்தானே நமக்குக் கூரை போட்டுக் குடுத்தார்? ஆசைப்பட்டுக் கேட்டார். எல்லாரும் கலந்து பேசித்தான் குடுத்தோம்" என்றார் தலைவர்.

"எல்லாருமா? அப்ப நான் எங்க சார் இருந்தேன்?"

"அன்னைக்கு உங்க வீட்டுல காதுகுத்து. தவிர, உங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. அதான் சொல்லலை."

நித்யா, அது உன் காதுகுத்து. காலையில் அடையாறில் கூடி முடிவெடுத்துவிட்டு, மத்தியானம் அத்தனை பேரும் நம் வீட்டுப் பந்திக்கு வந்தார்கள். பெரியப்பா தன் கையால் அவர்களுக்குப் பாயசம் ஊற்றினார். வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விளக்கைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. கொடுத்ததைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பார். அந்தப் பந்தியை அவரால் மறக்க முடியவில்லை.

பாலவாக்கத்துக்குப் போய்க் கேட்டார். "ஓனர் ஊர்ல இல்ல சார், சாப்டுட்டுப் போங்க" என்றார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்குப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்தார். மெத்தைக்கடை வழியாக நடப்பதையும் விட்டுவிட்டார்.

பிறகு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பாய் வந்தபோது பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாரு, தூங்கறாப்ல ஆக்டிங்கு. உனக்கு வராது நைனா, எய்ந்திரு" என்றார் பாய். "வெளக்கு கெடக்குது, வுடு."

பெரியப்பா கண்ணைத் திறந்தார். "கெடக்குதுன்னு நீ சொல்லலாம் பாய். நான் சொல்ல முடியாது" என்றார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பெரியப்பா போய்விட்டார்.

போன மாதம் தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷன் ஹாலில் பெரியப்பா பெயரைக் கல்லில் பொறித்து வைக்கப்போவதாகவும், அந்தக் கல்லின் படத்தை இந்த மலரில் போட வேண்டும் என்றும் சொன்னார். உள்ளே இருந்து பெரியம்மா வந்தார்.

"அவர் பேர அப்பால மாட்டலாம் சார். மொதல்ல பாய் வூட்டு வெளக்க அங்கேர்ந்து எறக்குங்க."

நாங்கள் கொடுத்த காபியை வைத்துவிட்டுத் தலைவர் எழுந்து போனார். இதுவரை பதில் இல்லை. ஆகவே இந்த மலரில் அந்தப் படம் இல்லை.

பிள்ளைகளே, அந்த ஸ்டேஷன் அழகான கட்டடம். போய்ப் பாருங்கள், உங்கள் பெரியப்பாவின் உழைப்பு அதில் இருக்கிறது. போனால் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லி, விளக்கு எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பெரியப்பாவைக் கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், ராத்திரி பகல் பாராமல் கூட இருந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த மார்க்கெட் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மயானம் வரை வந்த ஸ்டேஷன் குழுவினருக்கும், வந்ததற்காக நன்றி.

மெத்தைக்கடை பாய்க்கு மட்டும் இங்கே நன்றி எழுதவில்லை. விளக்கை அவர் கடையில் கொண்டுபோய் வைக்கும் அன்றைக்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன்.