லோர்னா பெட்டிஃபரின் மூன்று மணி நேரத் தாமதம்

லோர்னா பெட்டிஃபர் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் ரோஜா வளர்ப்பார்கள். இவள் எங்கள் முல்லாரா ஊர்க் கடல் மீட்புக் குழுவில் சேர்ந்து, ஐந்தே வருடத்தில் மீட்புப் படகுக்குத் தலைவியானாள். சம்பளம் கிடையாது. வாந்தி, முதுகுவலி, சனிக்கிழமைகளில் கடைவீதியில் நின்று டீசல் செலவுக்காக சாசேஜ் சுட்டு விற்கும் பாக்கியம், எல்லாம் உண்டு.

நான் ரேடியோ அறைக்காரன். கடலுக்குப் போகிறவர்கள் கிளம்பும்போதும் திரும்பியதும் எனக்குச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது சொல்வார்கள். திரும்பியதும் நேராகப் பப்புக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அவர்களைக் கடலில் தேடிக்கொண்டிருப்போம்.

கிரான்ட் விட்லாக் கிளம்பும்போதும் சொல்லாத ரகம். சிட்னியில் வீடு விற்கிறவர். எங்கள் ஊரில் கடலைப் பார்த்து ஒரு மாளிகையும், மாளிகைக்குப் பொருத்தமாக ஒரு வெள்ளைப் படகும் வாங்கியிருந்தார். படகில் காபி இயந்திரம் இருந்தது, குளிர்பெட்டி இரண்டு இருந்தன. அந்த ஜனவரி ஞாயிறு அதில் இல்லாத ஒரே பொருள் எரிபொருள்.

பத்தரை மணிக்கு ரேடியோவில் கூப்பிட்டார்.

"எஞ்சின் நின்னுபோச்சு. பன்னெண்டரைக்கு வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. சீக்கிரம் வாங்க."

"எங்க இருக்கீங்க?"

"கடல்லதான்."

பசிபிக் பெருங்கடல் என்று குறித்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகச் சரியான இடத்தை எண்களில் சொன்னது. அது அவர் மனைவி டெலியா.

லோர்னாவும் கசாப்புக்கடைக்கார வின்சும் போய்க் கயிறு கட்டி இழுத்தார்கள். ஆற்று முகத்துவாரம்வரை சிக்கலில்லை. அங்கே ஓதம் வற்றி ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய, காற்று அலையை உள்ளே தள்ள, மணல்திட்டின்மேல் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. லோர்னா வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் நிக்கறீங்க?" என்று ரேடியோவில் கேட்டார் விட்லாக்.

"தண்ணி வத்தறது நின்னு திரும்ப ஏறணும். மூணு மணி நேரம் ஆகும். ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட்டப் போடுங்க."

"அம்மணி, நான் இருபது வருஷமா படகு வச்சிருக்கேன்."

"நான் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன். கடைசி சீட்லேருந்து இப்படித்தான் கத்துவாங்க. போடுங்க."

"நான் கயித்த அவுத்துடுவேன்!"

"தாராளமா. காத்து உங்கள அந்தப் பாறைமேல கொண்டுபோய் விட்டுடும். கடலைப் பாத்த இடம், விக்கறதுக்கும் வசதி."

கயிறு அவிழவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் முகத்துவாரத்தின் முழு அகலத்துக்கும் ஓர் அலை எழுந்து, அப்படியே மடிந்து விழுந்தது. அதன்பின் விட்லாக் லைஃப் ஜாக்கெட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு மணிக்கு உள்ளே வந்தார்கள். கடைசித் திருப்பத்தில் காபி இயந்திரம் மட்டும் கீழே விழுந்து உயிர்த்தியாகம் செய்தது. விட்லாக் நன்றி சொல்ல நேரமில்லாமல் விருந்தாளிகளைத் தேடி ஓடினார். டெலியா லோர்னாவின் கையைப் பிடித்து, இருவருக்கும் சேர்த்து நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் நான்கு பக்கப் புகார் வந்தது: மரியாதைக் குறைவு, வீண் தாமதம், விருந்து நாசம். குழுக் கூட்டத்தில் வின்ஸ் அதை நாடகம்போல் வாசிக்க, எல்லாரும் சிரித்தோம். லோர்னாவும் சிரித்தாள். பிறகு தனியாகப் படகைக் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைக் கேட்டாள்.

"நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோ?"

"கொஞ்சம்."

"பயத்துல பேசினேன்யா. எனக்கும் உள்ள போயிடலாம்னுதான் இருந்துச்சு. மூத்திரம் வேற முட்டிக்கிட்டு நின்னுச்சு."

கூட்டத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை டெலியா ரேடியோ அறைக்கு வந்து, வேலை கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். மார்ச் மாதம் ரேடியோ தேர்வில் தேறினார். விட்லாக் இப்போது கடலுக்குக் கிளம்பும்போது தவறாமல் சொல்கிறார். கேட்பது மனைவி என்பதால் குரலில் பணிவும் சேர்ந்திருக்கிறது.

மே மாதம் லோர்னாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ஆறு வாரம் படகில் ஏறக்கூடாது என்றார் டாக்டர். அந்த ஆறு வாரமும் ரேடியோ அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, என் உயிரையும் டெலியா உயிரையும் வாங்கினாள்.