தாயத்துக்குள் போன கட்டுரை

கூடலூரில் விஞ்ஞானத்தைப் பரப்பியே தீருவது என்று, ஸ்கூல் பைனல் படிக்கும்போது நாங்கள் மூன்று பேர் முடிவெடுத்தோம். கூடலூர் எங்களைக் கேட்கவில்லை. அதனால் என்ன? கையெழுத்துப் பத்திரிகை ஒன்று ஆரம்பித்தோம். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. கையெழுத்து அழகாக இருந்ததால் என் சிநேகிதன் பத்திராதிபர். எனக்குப் படம் போடும் வேலை. மூன்றாமவனிடம் சைக்கிள் இருந்தது, ஆகவே அவன் விநியோகஸ்தன்.

முதல் இதழில் சனிக்கிரகத்தின் வளையங்களை விளக்கினோம். விநியோகஸ்தனின் அப்பா சனிக்கிழமை தவறாமல் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோவிலுக்குப் போகிறவர். "அவரு யாரு என்னன்னு தெரியாம, வளையம் கிளையம்னு எழுதி வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீகளா?" என்று சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டார்.

அடுத்தது மலேரியா இதழ். எங்கள் பக்கம் காய்ச்சல் வராத வீடு கிடையாது. மழை ஓய்ந்தால் ஊரே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பத்திராதிபரின் சின்னத் தங்கைக்கு வருஷா வருஷம் வரும். குளிர் தூக்கிப் போடும், கட்டிலே ஆடும். அவளுக்காகத்தான் அவன் அந்தக் கட்டுரையை எழுதினான். கொசு கடித்தால் காய்ச்சல் வருகிறது, தபாலாபீசில் விற்கும் கொய்னா மருந்தை விடாமல் சாப்பிட்டால் போய்விடும். விஷயம் இவ்வளவுதான். இதை நாலு பக்கத்துக்கு இழுத்து, 'கிருமிகளின் ஜீவிய விருத்தாந்தம்' என்று தலைப்பும் போட்டிருந்தான். வாத்தியார்களே மூச்சு வாங்கிப் படிக்க வேண்டிய தமிழ்!

பிரதி தெருவெல்லாம் சுற்றித் திரும்பியபோது அந்தக் கட்டுரையை மட்டும் காணோம். அடடா, கிழித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு வாசகர்களா என்று பூரித்துப் போனோம். பத்திராதிபரின் வீட்டுக்குப் போகும்வரைதான் அந்தப் பூரிப்பு. காய்ச்சலில் கிடந்த தங்கையின் கையில் புதுத் தாயத்து. அவன் அம்மா ஒரு பக்கத்தைச் சுருட்டித் தகட்டுக்குள் அடைத்து, மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்தார். மீதிப் பக்கங்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கைகளில் இருந்தன.

"ஆத்தா, அது படிக்கிறதுக்கு எழுதுனது!" என்று கத்தினான்.

"படிக்கத் தெரிஞ்சவுக படிங்க. காச்சல வெரட்டத்தான் எழுதுறேன்னு நீதான சொன்ன? பெறகு கையில கட்டாம அடுப்புலயா போடுவாக?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினான். கொய்னா வாங்கி வந்து, தங்கையின் மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தான். கசப்புத் தாங்காமல் அவள் அவன் விரலைக் கடித்தே விட்டாள். காய்ச்சல் விட்டது. பெருமை யாருக்கு? தாயத்துக்கு! "அந்தக் காச்சக் காயிதம் ஒண்ணு தாங்கப்பா" என்று ஊரே எங்களைத் தேடி வந்தது. கொய்னா விழுங்கினால்தான் காகிதம் வேலை செய்யும் என்று சொல்லி, எழுதி எழுதிக் கொடுத்தோம். விஞ்ஞானம் எங்கள் மானத்தை வாங்கிக்கொண்டு ஒருவழியாகப் பரவியது.

பிறகு சண்டை வந்தது. கொய்னா வந்துகொண்டிருந்த தீவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். கையிருப்பைச் சர்க்கார் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டது. பட்டாளத்துக்குக் காய்ச்சல் வரக்கூடாதே! அந்த வருஷ மழைக்குப் பின் தங்கை மறுபடியும் படுத்தாள். தபாலாபீசில் கையை விரித்தார்கள். கம்பம், உத்தமபாளையம், தேனி என்று அலைந்தோம். மலையேறிக் குமுளியில் கேட்டோம், அங்கேயும் இல்லை என்றுதான் சொன்னார்கள், மலையாளத்தில்.

வெறுங்கையோடு வந்து நின்ற எங்களைப் பத்திராதிபரின் அம்மா திட்டவில்லை. "கொய்னாதான் கெடைக்கலயே. அந்தக் காயிதத்தயாவது எழுதிக் கட்டுலே," என்றார்.

அவன் உட்கார்ந்து எழுதினான். சுருட்டப் போன கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"அதுல என்னண்ணே எழுதிருக்கு? எனக்கு வாசிச்சுக் காமியேன்."

எங்கள் பத்திரிகையை வாசிக்கச் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் வாசித்தான். அந்தக் கடுந்தமிழை ஒவ்வொரு வரியாக அவளுக்குப் புரிகிற பேச்சாக்கிச் சொன்னான். கொசு முட்டை இடுகிற இடத்தில் அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். மருந்து வருகிற வரிக்கு வந்ததும் அவன் நிறுத்திவிட்டான்.

"பெறகு, காச்ச போறதுக்கு என்னண்ணே செய்யணும்?"

"அதை இன்னும் எழுதல தாயி," என்றான்.

அந்த வாரமே அவள் போய்விட்டாள். எனக்கு அந்தச் சர்க்கார் மேல் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.