செய்தி கேளாத தெரு

போன வாரம் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கூடி ஒரு தீர்மானம் போட்டோம். இனி எந்த வீட்டு ரேடியோவிலும் செய்தி கிடையாது. பாட்டு உண்டு. நாடகம் உண்டு. செய்தி வாசிக்கிறவர் தொண்டையைச் செருமினால், உடனே ரேடியோவின் காதைத் திருகிவிட வேண்டும்!

என் வீட்டுக்காரர் கொதித்துப் போனார். "நாட்டு நடப்பு தெரியாம என்னத்தக் குடும்பம் நடத்துவிய?"

நியாயம்தானே? டில்லியில் மந்திரி மாறியது அவருக்குத் தெரியும். அரபு நாட்டில் எண்ணெய் விலை ஏறியதும் அத்துப்படி. எங்கள் அடுப்பில் மண்ணெண்ணெய் தீர்ந்ததுதான் தெரியாது. பாவம், அதை ரேடியோவில் சொல்லவில்லை.

தீர்மானத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டுச் செல்வமேரி. நிறைமாதக்காரி. அவள் புருஷன் ராயப்பன், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் இருக்கிறான். தோணியின் பெயர் 'புனித அந்தோணியார்'. தெருவில் எல்லோருக்கும் அது வெறும் 'அந்தோணி'. அது போன மறுநாளே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு செய்தியிலும் புயல் வலுக்கும். ஒவ்வொரு வேளையும் செல்வமேரி தட்டைத் தள்ளிவிடுவாள். வயிற்றுப் பிள்ளை எதைத் தின்று வளரும்... செய்தியையா?

முதலில் ரேடியோவை அணைத்தது என் அண்ணன் மனைவி, லூர்தம்மாள் மைனி. "ஏளா, அவன் வந்தான்னா வாசல்ல வந்து நிக்கப் போறான். வராட்டி இந்தப் பொட்டி போயி கூட்டிக்கிட்டு வருமாக்கும்? சோத்தத் தின்னு!"

அப்புறம் எங்களுக்கு வேலைக்கா பஞ்சம்? பழைய வேட்டிகளைக் கிழித்துப் பிள்ளைத் துணி தைத்தோம். பேறுகால மருந்து இடித்தோம். அந்தியில் ஜெபமாலை. செல்வமேரி மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார்கள் ஐயா, நாட்டு நடப்பு தெரிந்தவர்கள்! என் வீட்டுக்காரர் முன்னால். டீக்கடையில் அவரோடு உட்கார்ந்து செய்தி கேட்ட கூட்டம் பின்னால். எல்லாத் தலையும் தொங்கியிருந்தது. மைனி வாசலை மறித்தாள்.

"என்ன அண்ணாச்சி, படை திரட்டிக்கிட்டு வாறிய?"

"ரேடியோவுல சொல்லிட்டான்," என்றார் இவர், குரலை இறக்கி. "அந்தோணி முங்கிட்டு."

என் கையில் ஊசி நின்றுவிட்டது. உள்ளே செல்வமேரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான்? பிசகாமச் சொல்லுங்க."

"ஒரே இரைச்சல். 'தோணி மூழ்கியது... அந்தோணியில் இருந்தவர்களைத் தேடி வருகிறார்கள்'னான்."

"இரைச்சலக் கேட்டுட்டுத் துட்டி விசாரிக்க வந்துட்டியளோ!" மைனியின் குரல் நடுங்கியது, கால் நகரவில்லை. "தோணிக்கார முதலாளி வீட்டுக்குப் போயி கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் அவ சோறு திங்கட்டும்."

போனார்கள். நான் தைத்தேன், எங்கே குத்தினேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது தலைகள் இன்னும் அதிகமாகத் தொங்கின. இந்தத் தடவை வெட்கத்தில். 'அந்தோணி' புயலுக்கு முன்பே பாம்பனில் ஒதுங்கிவிட்டதாம். முதலாளிக்குத் தகவல் வந்திருக்கிறது.

அப்படியானால் முழுகியது எது? பெயர் தெரியாத வேறொரு தோணி. மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தது... "அந்தத் தோணியில் இருந்தவர்களை" என்று. 'அந்தத் தோணி' இவர்கள் காதில் 'அந்தோணி' ஆகிவிட்டது! உலக அரசியல் முழுவதும் இந்தக் காது வழியாகத்தான் உள்ளே போகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தெருவே சிரித்தது. செல்வமேரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா... அந்தத் தோணியிலயும் ஆளுவ இருந்திருப்பாவல்லா?"

மைனி ஜெபமாலையை எடுத்தாள். அன்றைக்கு வழக்கமான ஜெபமாலை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. பேப்பர்லயும் போடல. யாருக்குன்னு ஜெபம் சொல்லுதிய?"

"மாதாவுக்குத் தெரியும்," என்றேன். "அந்தத் தாய் ரேடியோ கேக்குறதில்ல."