தினமும் பொங்கல்

எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில் பால் பொங்காத நாளே கிடையாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மனசுக்குள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கோர்ட்டில் வாதாடப் போய்விடுவேன். “நம்ம வீட்ல தினமும் பொங்கல்தான்” என்பார் கணவர்.

அன்று பொங்கிய பால் தீயை அணைத்துவிட்டது. கேஸ் வீடெல்லாம் நாறியும் நான் வாதாடிக்கொண்டே நின்றேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காதான் ஓடிவந்து சிலிண்டரை மூடினார். “எங்கம்மா போயிருந்தே?” என்று உலுக்கினார்.

“இந்தக் கனவையெல்லாம் இன்னியோட விட்டுடு” என்றார், மாலையில் வீடு வந்து விஷயம் கேள்விப்பட்ட கணவர்.

முதல்முறையாக வாய்விட்டு வாதாடினேன். “கனவை விடமாட்டேன். நாளைலேர்ந்து பாலை நீங்க காய்ச்சுங்க.”

மற்ற சமையலின்போது கனவு வந்தால், முதலில் கேஸை அணைக்கிறேன். பிறகுதான் வாதாடப் போகிறேன்.

நேற்று அவர் காய்ச்சிய பாலும் பொங்கியது. கையில் போன். நான் போய் கேஸை அணைத்தேன். கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்.