வேதக்கோயிலில் கட்டிய பாவு

புயல் அடித்த கார்த்திகையில் எனக்கு இருபத்து மூன்று வயது. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் தறிகள் நிறைந்த ஒரு சிற்றூரில், மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மாவாக இருந்தேன். பள்ளிக்கூடத்தை ஒட்டியே எங்கள் கோயில். ஊரார் அதை வேதக்கோயில் என்பார்கள். கருங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நீளமான கட்டடம். எங்கள் சபையில் மொத்தம் முப்பது குடும்பம் இருந்தால் அதிகம்.

கடற்கரை எங்களுக்கு எத்தனையோ மைல் தள்ளி. புயல் என்பதைப் பாடப்புத்தகத்தில்தான் படித்திருந்தோம். அன்று காலையில் முதல் மணி அடிக்கும்போதே வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. மத்தியானத்துக்குள் தென்னைகள் தரையில் கிடந்தன. பனைகள் நடுவில் முறிந்து நின்றன. பிள்ளைகளை நானும் போதகருமாகக் கோயிலுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, பெஞ்சுகளை அண்டக் கொடுத்தோம். சாயங்காலம் காற்று ஓய்ந்து கதவைத் திறந்தபோது நெசவாளர் தெரு இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. ஏரிக்கரை உடைந்திருந்தது.

அங்கே எல்லாம் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டுத்தான் நெய்வார்கள். வீட்டுக்கு வீடு அந்தக் குழிகள் சேற்றால் நிரம்பிவிட்டன. மண்சுவர்கள் கரைந்து தறிகள்மேல் சாய்ந்து கிடந்தன.

எங்கள் சபையிலும் ஒரு சாவு. மூப்பர் என்று நாங்கள் அழைத்தவர் ஒரு சிறு விவசாயி. கோயில் மணியடிப்பதும் சாவி வைத்திருப்பதும் அவர்தான். கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட ஓடிய அவர் மனைவிமேல் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுப் பலகைகளை அறுத்துப் பெட்டி செய்து, மறுநாள் கோயிலில் வைத்து ஜெபித்து அடக்கம் செய்தோம். மூப்பர் அழவில்லை. பெட்டியின் மூலையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியைத் தம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார்.

ராசிபுரத்திலிருந்து சபை மூலமாக அரிசி மூட்டைகள் வந்தன. வீடிழந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு எனக்கு. பெரிய அண்டாவில் காய்ச்சி, அகப்பையோடு நின்றேன். எங்கள் சபையாரும் கூலிக்காரர்கள் சிலரும் வாங்கிக் குடித்தார்கள். நெசவாளர் வீட்டுப் பெண்கள் ஒருவரும் எழுந்து வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மிஞ்சிய கஞ்சியை மாடுகளுக்கு ஊற்றினேன்.

எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. போதகரிடம் போய், "பட்டினி கிடந்தாலும் நம்ம கையால குடிக்க மாட்டாங்களாம். கிடக்கட்டும்" என்றேன்.

அவர் அரிசி மூட்டைகளைக் காட்டினார். "பசிச்சவங்களுக்குப் புத்தி சொல்ல நாம இங்க வரலை. அரிசியாக் குடும்மா. அவங்களே பொங்கிக்கட்டும்" என்றார்.

அப்படியே செய்தோம். அரிசியை முதலில் வாங்க வந்தவள் என் வயதுக்காரி. இடுப்பில் கைக்குழந்தை. அவள் கணவனுக்குத் தறிமரம் விழுந்து முழங்கால் வீங்கியிருந்தது. முறத்தை நீட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரம்மா. என்ற மாமியார் கண்ணு முன்னால நான் எப்படிங்க குடிப்பேன்? எனக்கு நேத்து உசுரே போயிருச்சுங்க, அந்த வாசத்துல."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முறத்தில் இன்னும் ஒரு படி அரிசி போட்டேன்.

அடுத்த வாரம் முழுவதும் குழிகளை இறைத்தோம். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே ஒரு குழிக்குள் இறங்கிச் சேற்றைப் பானையில் அள்ளிக் கொடுத்தார். வெளியே கையில் வாங்கி ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. ஐந்தாறு தறிகள் தப்பின. நூலையும் சிலர் காப்பாற்றியிருந்தார்கள். அந்தப் பெண் புயலன்று ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் நூல்மூட்டையுமாகத்தான் வெளியே ஓடிவந்தாளாம். தை மாதக் கல்யாணங்களுக்கு நெய்து கொடுக்க வேண்டிய நூல் அது.

ஆனால் நூல் இருந்தால் மட்டும் நெய்துவிட முடியாது. தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகளைப் பாவு என்பார்கள். அந்தப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நார்த்தூரிகையால் நீவிக் காயவைக்க வேண்டும். தெருவெல்லாம் முழங்கால் சேறு. தூறலோ நின்றபாடில்லை.

ஒருநாள் காலை அந்தப் பெண் கோயில் வாசற்படிக்குக் கீழே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, இந்தக் கோயில் எத்தன கஜம் இருக்குமுங்க?"

உள்ளே பாவு கட்டத்தான் கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. போதகரிடம் சொன்னேன். அவர் சபையாரைக் கூட்டினார். மூப்பர் மட்டும் எழுந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னால என்ற ஊட்டுக்காரி பொட்டி இருந்த எடமுங்க அது. அங்க கஞ்சியக் கொட்டி நூல் காயப் போடறதா? எனக்கு ஊடு போச்சு. அவ போயிட்டா. இந்த ஒரு எடந்தான் அப்படியே நிக்குது. இதையும் கேக்கறீங்களே!"

போதகர் ஜெபம் சொல்லி முடித்தார். கூட்டம் கலைந்தது.

வேண்டாமென்று ஆகிவிட்டதை அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவள் அழவோ கெஞ்சவோ இல்லை. "அந்த அக்கா ஊடு எங்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். கூட்டிப் போனேன்.

மூப்பர் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் பனையோலைச் சாய்ப்பின் கீழ் உட்கார்ந்திருந்தார். அவள் சற்றுத் தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் எடங் கேக்க வரலீங்க. ஒரு அக்கா போனாங்கன்னு கேட்டேன், அது இவங்கதான்னு இப்பத்தானுங்க தெரியும். மாசா மாசம் எங்க ஊட்டுக்கு வருவாங்க. கழிவு நூலு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க."

"கழிவு நூலா? எதுக்கு?"

"கோயில் விளக்குக்குத் திரி போடறதுக்குங்க. உங்க நூலுத்திரி நின்னு எரியுது அம்மிணின்னு சொல்லுவாங்க."

தினமும் அந்த விளக்கை ஏற்றியவர் மூப்பர்தான். திரி எங்கிருந்து வருகிறதென்று ஒரு நாளும் கேட்டதில்லை போலிருக்கிறது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றுதான் அவர் அழுததைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் எழுந்து புறப்படும்போது அவர் சொன்னார்: "பீடத்துக்கு முன்னால இருக்கற கிராதியில கட்ட வேண்டாம் அம்மிணி. தூண்ல கட்டுங்க."

வெள்ளிக்கிழமை பாவு கட்டினார்கள். பெஞ்சுகளை ஓரமாக நகர்த்திவிட்டு, வாசல்பக்கத் தூணிலிருந்து பீடத்துப் பக்கத் தூண்வரை நடுவாக இழுத்தார்கள். இடம் போதவில்லை. மீதியைச் சுருட்டி வைத்துவிட்டு, பாதிப் பாதியாகச் செய்வது என்று முடிவாயிற்று. உள்ளே வர முதலில் அவர்களுக்குப் பயம். வேதத்தில் சேர்க்கத் தலையில் தண்ணீர் தெளித்துவிடுவார்களோ என்று ஒரு கிழவர் என்னிடமே கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு ஆண்களும் பெண்களுமாக இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவி நீவினார்கள். கோயில் முழுக்கச் சோற்றுக்கஞ்சி வாசம்.

ஈரக்காற்றில் பாவு காயவில்லை. சனிக்கிழமை சட்டிகளில் கரி நெருப்பு வைத்தோம். ஞாயிறு காலையிலும் இழைகள் சில்லென்றுதான் இருந்தன. போதகர் கையைப் பிசைந்தார். ஆராதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அப்போது மணியடிக்க மூப்பர் வந்தார். புறங்கையால் பாவை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஈரமுங்க. இப்பச் சுருட்டினா ஒட்டிக்கும். பாவம், அத்தனையும் வீணாப் போயிரும்" என்றார். பிறகு பாய்களை எடுத்து வந்து பாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரித்தார். எப்போதும் போல ஆண்கள் வலப்புறம், பெண்கள் இடப்புறம். நடுவில் வெள்ளை நூல்.

அன்றைய பிரசங்கம் எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. நூலைத் தொட நீண்ட பிள்ளைகளின் கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். நற்கருணை வாங்க முன்னே போனவர்கள் நடுவழியில் பாவு இருந்ததால் பக்கவாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் குழந்தையோடு வாசலில் நின்று, நாய் ஏதும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டாள். நாங்கள் பாடியபோது குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது.

மார்கழி முடிவதற்குள் ஆறு பாவுகள் அப்படிக் காய்ந்து தறிக்குப் போயின. சேலத்திலிருந்து மிஷன் துரை பார்வையிட வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதனால் சபையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று விசாரித்தார். "ஒருத்தரும் இல்லைங்க" என்றார் போதகர். துரை தம் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் முகத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை.

தை பிறந்து தறிகள் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் நெசவாளர் தெருவிலிருந்து பத்துப் பேர் மண்வெட்டியோடு மூப்பர் வீட்டுக்குப் போனார்கள். யாரும் கூப்பிடவில்லை. முழங்கால் தேறிய அந்தப் பெண்ணின் கணவனும் போயிருந்தான். மண் குழைத்துச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். நான்காம் நாள் இடுப்பளவு வந்ததும் மூப்பர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதுமுங்க. இதுக்கு மேல சுவர் வேண்டாம்."

"ஏனுங்கண்ணா, குளிரடிக்குமே?"

"அடிச்சா அடிக்கட்டும். மேல தட்டி கட்டிக்கிறேன். தட்டி விழுந்தா ஆரும் சாக மாட்டாங்க."

அவர்களில் ஒருவன் மூங்கில் வெட்டப் போனான். மற்றவர்கள் தென்னங்கீற்று முடைய உட்கார்ந்தார்கள்.