எழுத்தில்லாத நாலு நம்பர்

மத்தியான வெயிலில் நிற்கும் காடியின் நம்பர் பிளேட்டைத் தொட்டால் விரல் நுனி சுரீரென்று பொசுங்கும். கறுப்புப் பலகையில் ஆணியடித்துப் பதித்த அலுமினிய எழுத்துகள் அந்தக் காலத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே இன்ன எழுத்து என்று நான் சொல்லிவிடுவேன். பினாங்கில் எங்கள் டத்தோ கிராமாட் சந்துகளில் என் விரல் சுட்டுக்கொள்ளாத எழுத்தே இல்லை. ஒன்பது வயதில் மற்றப் பையன்கள் கோலியும் காத்தாடியும் சேர்த்தபோது நான் இதைச் சேர்த்தேன் என்றால், என் புத்தி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்தது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

பி என்றால் பினாங்கு, கே கெடா, ஏ பேராக், ஆர் பெர்லிஸ், டபிள்யூ கோலாலம்பூர். இஸட் வந்தால் ராணுவம், சல்யூட் அடிக்க வேண்டும். எச் வந்தால் வாடகைக் காடி, அடிக்க வேண்டாம். ஐ, ஓ இரண்டுக்கும் பிளேட்டில் இடமே கிடையாது, ஒன்றோடும் சைபரோடும் குழம்பிவிடுமாம். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத்துக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, தெருக் காடிகளை அந்தந்தப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். தெருமுனைக் காப்பிக்கடை நானா என்னை "நம்பர் இலாகா" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பட்டத்தில் எனக்கிருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

பெரியவர்களுக்கோ எழுத்தைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது அதன் பின்னால் வரும் நாலு எண். எங்கள் ஊரில் சாலையில் காடி அடிபட்டால் கூட்டம் முதலில் பிளேட்டைப் பார்க்கும், பிறகுதான் உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்க்கும். அன்றைக்கே அந்த நாலு எண்ணும் லாட்டரி கட்டும் குலுக்குக்கடைக்குப் போய்விடும். இதற்கு "நம்பர் எடுக்கிறது" என்று பெயர். யாரோ ஒருவருடைய கெட்ட நேரம் நமக்கு நல்ல நேரமாகும் என்று எல்லாரும் உளமார நம்பினார்கள்.

அந்த வருஷம் அப்பா ஈப்போவிலிருந்து ஒரு பழைய காடி வாங்கி வந்தார். மசாலாத்தூள் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு பெரிக் கப்பலில் கடலைத் தாண்டி அக்கரைக்குப் போய், புக்கிட் மெர்தாஜாம் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். எங்கள் தெருவிலேயே ஏ எழுத்துக் காடி அது ஒன்றுதான். காடியைத் தன் பெயருக்கு மாற்றும் வேலையை "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அப்பா தள்ளிக்கொண்டே போனார். நான் நோட்டில் ஏ பக்கத்தைத் திறந்து "அப்பா" என்று மட்டும் எழுதினேன். எண்ணை எழுதவில்லை. தன் வீட்டுக் காடியின் எண்ணை எவனாவது நோட்டில் எழுதி வைப்பானா?

ஒரு சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். அடுத்த வீட்டு லோரிக்காரர் சிவலிங்கம் அண்ணன் அக்கரையிலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக எங்கள் வாசலில் நின்று கத்தினார்.

"பட்டர்வொர்த்துல செம அடிலா! ஜாம்ல மாட்டிக்கிட்டேன், காடியப் பாக்க முடியல. முன்னால நின்ன ஆளு உள்ளங்கையில எழுதிக்கிட்டு வந்தான். இருவத்தெட்டு பத்தொம்போது! யாருக்கு வேணும்?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ. டேய், நம்ம தெருக் காடியான்னு பாரு."

நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். "எழுத்து என்ன அண்ணே?"

"எழுத்து எவனுக்குடா வேணும்? நாலு நம்பர் போதும்லா!"

எழுத்தில்லாமல் என் நோட்டு ஒன்றுக்கும் உதவாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் இலாகாவின் மானம் என்னாவது? பக்கங்களைப் புரட்டினேன், விரலை ஓட்டினேன், நெற்றியைச் சுருக்கினேன். ஏ பக்கத்தில் எண்ணே இல்லாததால் அங்கே விரல் நிற்கவே இல்லை; எழுதாத எண் என் மனசிலும் பதிந்திருக்கவில்லை.

"நம்ம தெருக் காடி இல்ல" என்றேன், நீதிபதி மாதிரி.

"அப்ப எனக்கும் அந்த நம்பர ஒரு வெள்ளிக்கு எடுங்க அண்ணே" என்றாள் அம்மா.

அஞ்சரை மணிக்கு நானா கடையில் டெலிபோன் அடித்தது. அவர் ஈரக் கையோடு தெருவைத் தாண்டி வந்தார். என்னை இலாகா என்று கூப்பிடவில்லை. "தம்பி, அம்மாவக் கூப்பிடு" என்றார்.

பிளேட்டை வைத்துத் தேடிய போலீஸுக்கு ஈப்போவில் இருந்த, காடியின் பழைய சொந்தக்காரர்தான் முதலில் கிடைத்திருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து, அவர் எங்கள் விலாசத்தைத் தேடிப் பிடித்து, நானா கடை டெலிபோன் நம்பரைக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நாங்கள் பெரி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாலு மணி வரைக்கும் உயிர் இருந்ததாம். கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார் என்று தாதி சொன்னாள்.

போலீஸ்காரர் நீட்டிய தாளில் ஏ இருந்தது, அதன் பின்னால் நாலு எண்ணும் இருந்தன. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், இது அந்த நம்பர்தானே?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் லேசாகியிருக்கும். அந்த வாரம் குலுக்கில் எண் விழவும் இல்லை. ஒரு ஆறுதல் பரிசுகூட இல்லை.

சில வருஷத்துக்கு முன்னால் அந்த எண்ணை என் காடிக்குக் கேட்டுப் பார்த்தேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிவிட்டு, காடி போனபோதே குடும்பத்தார் எழுதிக் கேட்டு வேறு வண்டிக்கு மாற்றியிருக்க வேண்டும், இப்போது அது பதிவிலேயே இல்லை என்றாள். காப்பிக்கடை இருந்த இடத்தில் தங்கும் விடுதி. புடைத்த அலுமினிய எழுத்துகளும் போய்விட்டன, இப்போது தடவினால் விரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அடிபட்ட காடியின் எண் மட்டும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது.

போன மாதம் பினாங்குப் பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றபோது எனக்கும் வந்தது, வழக்கம்போல் நாலு எண் மட்டும். மனைவிக்குப் போன் அடித்தேன், வீட்டில். மகளுக்கு, வீட்டில். மகனுக்கு அடித்ததில் அவன் தூக்கம்தான் கெட்டது. எங்கள் வீட்டு எண்களெல்லாம் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கின்றன, என் மணிபர்ஸிலும் இருக்கின்றன. அப்படியும் நெஞ்சு அடங்கவில்லை. கடைசியில் கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கம் போய், நானே ஓட்டிவந்த காடியின் பிளேட்டைக் குனிந்து, ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்த்தேன். அடிபட்டது நான் இல்லை.

பின்னால் மோட்டார் சைக்கிளில் நின்ற பையன் கேட்டான்: "என்னண்ணே, காடி ரோசாக்கா? ஸ்டார்ட் ஆகலியா?"

"இல்ல தம்பி, நம்பர் பாத்தேன்."

"ஓ, நல்ல நம்பரா?" என்று அவன் கைப்பேசியை எடுத்து என் பிளேட்டைப் படம் பிடித்தான்.

"எழுத்தையும் சேத்துப் பிடிப்பா" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

அவன் சிரித்தான். "எழுத்து எதுக்குண்ணே?"